பெரிய பாக்கெட் உருளைக்கிழங்கு சிப்ஸ்: சுவை தணிந்த பிறகும் தணியாத ஆசை

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், சீஸ்-வெங்காயச் சுவையூட்டிய உருளைக்கிழங்கு சிப்ஸ். 150 கிராம் கொண்ட பெரிய பாக்கெட். தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகையில் எந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலும் பின்பக்கத்துப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது என்பதால், பெயர் சொல்வதால் வாசகருக்குக் கூடுதலாகத் தெரியவரப்போவது எதுவும் இல்லை. சிப்ஸ் மதிப்புரைகள் பொதுவாக மொறுமொறுப்பு, உப்பு, மணம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டு முடிந்துவிடும்; அந்தக் கணக்கில் இதற்குத் தாராளமாகவே தரலாம். ஆனால் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு தகவல்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை: தின்னத் தொடங்கியவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதும், நிறுத்திய பிறகும் நினைப்பு எவ்வளவு நேரம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதும். இந்த இரண்டையும் முதன்மையாக வைத்தே இதை எடைபோட்டிருக்கிறேன்.

பாக்கெட்டைப் பிரிக்கும்போது எழும் சரசரப்பிலிருந்தே பொருளின் வேலை தொடங்கிவிடுகிறது. உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயு, எண்ணெய் காறிப்போகாமலும் துண்டுகள் நொறுங்காமலும் காக்கிறது. ஆகையால் பாதிப் பாக்கெட் காற்றுதான் என்ற வழக்கமான குறையை நான் சொல்லப்போவதில்லை. முதலில் மூக்கில் ஏறுவது வெங்காயத்தூளின் இனிப்பு கலந்த நெடி. அதன் பின்னாலேயே சீஸின் லேசான புளிப்பு வாடை வருகிறது. துண்டுகள் மெல்லியவை, ஓரங்கள் சுருண்டவை, நடுவில் ஆங்காங்கே கொப்புளம் கண்டவை. அந்தக் கொப்புளங்களின் மடிப்பில் மஞ்சள் நிறத் தூள் திட்டுத்திட்டாகத் தங்கியிருக்கிறது. உப்பும் தூளும் மேற்பரப்பிலேயே இருப்பதால், பல் படுவதற்கு முன்பே நாக்குக்குச் சுவை வந்து சேர்ந்துவிடுகிறது. விரல் நுனியில் ஒட்டும் தூளையும் இந்தப் பொருளின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். அதை நக்கிய விரல் அடுத்த துண்டைத் தேடாமல் இருப்பது அரிது.

மொறுமொறுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பல்லுக்கு மட்டும் உரிய விஷயமும் அன்று. மாசிமிலியானோ ஸாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் சிப்ஸைக் கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியில் பிடித்து, மாற்றியமைத்து, அவர்களுடைய காதிலேயே ஒலிக்கச் செய்தனர். ஓசையைக் கூட்டியபோது, குறிப்பாக அதன் உயர் அதிர்வெண் பகுதியைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென்று வழங்கப்படும் இக் நோபெல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. நம் கையிலிருக்கும் துண்டின் ‘படக்’ என்னும் ஓசைக்கும் இதே மதிப்பு உண்டு: அது புதியது, நல்லது என்ற தீர்ப்பை, நாக்கு வாய் திறப்பதற்குள் காது எழுதிவிடுகிறது.

கடித்த பிறகு நடப்பதுதான் இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டு மூன்று மெல்லில் துண்டு கரைந்து, வாயில் எண்ணெயும் உப்பும் கலந்த ஒரு குழைவு மட்டும் மிஞ்சுகிறது. மெல்லுவதற்கென்று எதுவும் இல்லை. பச்சை உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். பொரிக்கும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேற, இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் மிஞ்சும் நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 90 கிலோகலோரிக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இந்தப் பாக்கெட்டின் அட்டவணை அதே 100 கிராமுக்கு 530 என்கிறது. வயிறு நிறைந்தது என்ற செய்தியைச் சுமந்து செல்லும் குடல் இயக்குநீர்கள் வேலையைத் தொடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். மெல்லும் நேரமும் வயிற்றில் சேரும் கனமும் அதற்குத் துணையான அடையாளங்கள். இங்கே மெல்லும் நேரமும் இல்லை, கனமும் இல்லை. செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாக்கெட்டின் அடிப்பகுதி கண்ணில் பட்டுவிடுகிறது.

இனி பட்டியல். உருளைக்கிழங்கு, தாவர எண்ணெய், மால்டோடெக்ஸ்ட்ரின், உப்பு, வெங்காயத்தூள், சீஸ் தூள், சர்க்கரை, ஈஸ்ட் சாறு, சுவைமிகுப்பிகள் 621, 627, 631, அமிலச்சீராக்கிகள். இவற்றுள் முதல் இரண்டையும் உப்பையும் நீக்கிவிட்டால், மற்றவை எல்லாம் அந்த மஞ்சள் தூளுக்குள் அடங்கியவை. 621 என்பது மோனோசோடியம் குளுட்டமேட். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட சுவைக்கு உரிய பொருள் குளுட்டமேட்தான். 627, 631 என்ற எண்களுக்குரிய குவானிலேட்டும் இனோசினேட்டும் தனியாக இருந்தால் பெரிதாக எதுவும் செய்வதில்லை. குளுட்டமேட்டோடு சேரும்போது உமாமியைப் பல மடங்கு உயர்த்திக் காட்டுகின்றன. இவற்றை நஞ்சென்று அச்சுறுத்தும் செய்திகள் நிறையவே உலவுகின்றன. அந்த வழியில் நான் போகவில்லை. என் குறை வேறு. குழம்பிலோ சூப்பிலோ இதே சுவை, புரதம் நிறைந்த உணவு வருகிறது என்று உடலுக்குச் சொல்லும். இங்கே 100 கிராமில் ஆறு கிராம் புரதம்தான் இருக்கிறது. அழைப்பிதழ் கொடுத்துவிட்டு விருந்து வைக்காத கதை.

தூளின் கலவையில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்டால் அது திகட்டும். அந்த உணவு மட்டும் திகட்டும், வேறோர் உணவுக்கு இடமிருக்கும். சாப்பாடு போதும் என்று தட்டைத் தள்ளியவர் இனிப்புக்கு மட்டும் மீண்டும் கை நீட்டுவது இதனால்தான். பார்பரா ரோல்ஸும் எட்மண்ட் ரோல்ஸும் 1980களின் தொடக்கத்தில் இதை ஆய்வின் மூலம் நிறுவினார்கள். இந்த சிப்ஸில் உப்பு, லேசான இனிப்பு, புளிப்பு, உமாமி ஆகிய நான்கும் இருக்கின்றன; ஆனால் எதுவும் மற்றதை மிஞ்சி நிற்கவில்லை. சீஸ் தூக்கலாக இருந்திருந்தால் பத்துத் துண்டுகளிலேயே போதும் என்றாகியிருக்கும். எது என்று சுட்டிச் சொல்ல முடியாத சுவையாக இருப்பதால் திகட்டுவது எதுவென்றும் சொல்ல முடியவில்லை. சமநிலை என்று பாராட்டத்தக்க கைத்திறன்தான் இது. அந்தத் திறனுக்குரிய விலையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் தூளை விடவும் அழுத்தமான காரணம், அட்டவணையின் இரண்டு வரிகளில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது: 100 கிராமுக்குக் கொழுப்பு 33 கிராம், மாவுச்சத்து 51 கிராம். ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயிறு நிறைய உண்ட எலிகளுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸையே கொடுத்து, பசியில்லாத நிலையிலும் அவை ஏன் தின்கின்றன என்று ஆராய்ந்தார்கள். சிப்ஸைக் கூறுகளாகப் பிரித்து, கொழுப்பின் பங்கையும் மாவுச்சத்தின் பங்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது, எலிகள் மிகுதியாக நாடியது நூற்றுக்கு 35 பங்கு கொழுப்பும் 45 பங்கு மாவுச்சத்தும் கொண்ட கலவையை. ஆற்றல் மிகுந்த உணவைத்தான் நாடுகின்றன என்றால் தனிக்கொழுப்பை அல்லவா அவை மொய்த்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. மூளைப் படங்களில் வெகுமதி உணர்வுக்குரிய பகுதிகள் கிளர்ச்சியுற்றிருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். நம் பாக்கெட்டின் விகிதம் அந்த எலிகளின் விருப்பத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை வாசகரே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மனிதர்களிடமும் இதற்கு ஒத்த முடிவு கிடைத்திருக்கிறது. 2018இல் வெளியான, அலெக்ஸாண்ட்ரா டிஃபெலிசியான்டோனியோவும் டேனா ஸ்மாலும் பங்கேற்ற ஓர் ஆய்வில், கொழுப்பு மட்டும் மிகுந்தவை, மாவுச்சத்து மட்டும் மிகுந்தவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகைத் தின்பண்டங்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம் தருவீர்கள் என்று ஏலம் கேட்கச் செய்தார்கள். ஆற்றல் சமமாக இருந்தும், பிடிப்பதும் சமமாகவே இருந்தும், கலவைக்குத்தான் கூடுதல் ஏலத்தொகை விழுந்தது. வெகுமதி உணர்வோடு தொடர்புடைய ஸ்ட்ரையாட்டம் என்ற மூளைப் பகுதியிலும் அதற்கே வலுவான எதிர்வினை தெரிந்தது. தாய்ப்பாலைத் தவிர, இரண்டும் ஒருசேர மிகுந்த உணவு இயற்கையில் காண்பது அரிது. கொட்டைகளில் கொழுப்பு, கிழங்குகளிலும் பழங்களிலும் மாவும் சர்க்கரையும் என்று இயற்கை பிரித்து வைத்ததைப் பொரிகலம் ஒன்றாக்குகிறது. குடலும் இதற்கு உடந்தை: கொழுப்பையும் சர்க்கரையையும் குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் தனித்தனி இழைகள் மூளைக்கு அறிவிக்கின்றன என்பதும், இரண்டும் ஒரே நேரத்தில் தூண்டப்படும்போது மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் கூடுதலாகச் சுரந்து சுண்டெலிகள் மிகையாக உண்கின்றன என்பதும் 2024இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. அதாவது விழுங்கியதோடு தூண்டல் முடிவதில்லை; வயிற்றுக்குள் போன பிறகும் அது பேசிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் ருசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் துண்டு மிகச் சிறப்பு. பத்துக்கு ஒன்பது என்று தயங்காமல் போடலாம். ஐந்தாவது துண்டில் ஆறு. ஒரு கைப்பிடி தீர்ந்த பிறகு நாக்கு உப்பில் மரத்து, சீஸுக்கும் வெங்காயத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போய், நான்கு என்பதே அதிகம். எந்தத் தின்பண்டத்திலும் இப்படிச் சரிவது இயல்புதான். இந்தப் பொருளில் இயல்பாகத் தோன்றாதது, மகிழ்ச்சி சரிந்த அதே வேகத்தில் கை சரியாமல் இருப்பது. நான்கு மதிப்பெண் பெறும் துண்டை, ஒன்பது பெற்ற துண்டை எடுத்த அதே ஆர்வத்தோடு கை எடுக்கிறது.

இந்த விலகலை மூளையியல் ஏற்கனவே நன்றாக அறிந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் 1989இல், மூளையில் டோபமைன் ஏறக்குறைய முழுவதுமாக அழிக்கப்பட்ட எலிகளைக் கவனித்தார்கள். அவை தாமாக உணவைத் தேடவில்லை, எடுத்துத் தின்னவில்லை; ஆனால் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது, இனிப்பை ருசிக்கும் எலி செய்வதைப் போலவே நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கின. ருசித்து மகிழ்வது ஒரு வேலை, வேண்டும் என்று தவிப்பது மற்றொரு வேலை. டோபமைன் முதன்மையாக இரண்டாவதைச் சார்ந்தது என்ற அவர்களுடைய கருத்து இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்றாகிவிட்டது. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதற்கு நேரத்தைச் சேர்த்தன: பழச்சாறு முதலில் எதிர்பாராமல் கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் சாற்றுக்குத் துடித்தன, பழகிய பிறகு, சாறு வரப்போவதை அறிவிக்கும் அடையாளத்துக்கே துடித்தன, சாற்றுக்கு அல்ல. பாக்கெட்டின் பளபளப்பும் சரசரப்பும் நமக்கு அந்த அடையாளங்கள். அலமாரியைத் திறக்கும்போதே வாய் ஊறுவதற்குச் சுவை காரணமில்லை, பழக்கமே காரணம்.

எலி, குரங்கு என்று ஒதுக்குகிறவர்களுக்காக, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு. 20 பேரை மருத்துவமனை வளாகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய (ஆலையில் பல கட்டமாக மாற்றி, சேர்க்கைப் பொருள்கள் கலந்த) உணவும், இரண்டு வாரம் குறைவாகவே பதப்படுத்திய உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைக்கப்பட்ட ஆற்றல், கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் ஈடுசெய்யப்பட்டிருந்தன. எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். மிகைப் பதப்படுத்திய உணவின்போது ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாக உண்டார்; வேகமாகவும் உண்டார்; இரண்டு வாரத்தில் 0.9 கிலோ கூடியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த ஆய்வின் வேறொரு தகவலை: இரண்டு உணவும் எந்த அளவு பிடித்திருக்கின்றன என்று கேட்டபோது, பங்கேற்றவர்களின் விடைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கூடுதலாக உண்டதற்குக் கூடுதல் சுவை காரணம் என்று சொல்ல வழியில்லாமல் போகிறது.

அதற்காக, சிப்ஸ் போதைப்பொருளுக்கு நிகர் என்று இணையத்தில் சுற்றும் வாசகங்களை நான் வழிமொழியவில்லை. அதே கெவின் ஹாலின் குழு, கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த மில்க்ஷேக்கை 50 பேருக்குக் கொடுத்து மூளையின் டோபமைனைப் படம்பிடித்துப் பார்த்தபோது, சிலருக்குக் கூடியது, சிலருக்குக் கூடவில்லை. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க ஏற்றம் தென்படவில்லை என்று 2025இல் வெளியிட்டது. உணவு அடிமைத்தனத்தை அளக்க 2009இல் ஆஷ்லி கியர்ஹார்ட் முதலானோர் உருவாக்கிய யேல் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது என்றாலும், மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வக் கையேடு அப்படியொரு நோயை இன்னும் ஏற்கவில்லை. ஆளுக்கு ஆள் இந்தப் பாக்கெட் வேறு மாதிரிதான் நடந்துகொள்ளும். நாலு துண்டு தின்றுவிட்டுக் கிளிப் போட்டு மூடிவைக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த மதிப்புரையே தேவையில்லை.

மற்றவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு பின்விளைவு உண்டு. கொலோனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வளர்சிதைமாற்ற ஆய்வு நிறுவனத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான எடை கொண்டவர்கள் எட்டு வாரம் தங்கள் வழக்கமான உணவோடு, கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த சிறு புட்டிங் ஒன்றைத் தினமும் உண்டார்கள். மற்றொரு குழுவுக்கு அதே ஆற்றல் கொண்ட, கொழுப்பு குறைந்த புட்டிங். எடையில் இரு குழுவுக்கும் வேறுபாடு தோன்றாதபோதே, முதல் குழுவினருக்குக் கொழுப்பு குறைந்த உணவின் மீதிருந்த விருப்பம் குறைந்திருந்தது. இனிய பானம் வரப்போகிறது என்ற குறிப்புக்கு அவர்களுடைய மூளை முன்னைவிட வலுவாக எதிர்வினை காட்டியது. எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று ஆறுதல் கொள்கிறவர்கள், வீட்டுச் சமையல் சப்பென்று தோன்றத் தொடங்கியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாக்கெட்டின் மீது எனக்குள்ள நேரடிக் குறை, ‘ஒரு பரிமாறல் 30 கிராம்’ என்ற வரி. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் அது பதினைந்து துண்டுக்கும் குறைவு. கலோரி, உப்பு எல்லாம் அந்தப் பதினைந்துக்கே முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடப்பட்டிருக்கின்றன. முழுப் பாக்கெட்டுக்கான கணக்கை வாங்குகிறவரே பெருக்கிக்கொள்ள வேண்டும்: ஏறத்தாழ 800 கிலோகலோரி, 900 மில்லிகிராம் சோடியம். உலக நலவாழ்வு நிறுவனம் நாள் முழுவதற்கும் வகுத்திருக்கும் 2,000 மில்லிகிராம் வரம்பில் இது பாதியை நெருங்குகிறது. திரும்ப மூடும் வசதியும் பாக்கெட்டில் இல்லை. இத்தனை நுட்பங்களை யோசித்தவர்களுக்கு இது மட்டும் தோன்றாமல் போயிருக்கும் என்று நம்புவது கடினம்.

மாற்று வகைகளையும் பார்த்தேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெரா ஃபாசினோ குழு 2019இல் மிகைச்சுவை உணவுக்கு வரையறுத்த அளவுகள் இங்கே கைகொடுக்கின்றன. ஆற்றலில் 25 சதவீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்து வந்து, எடையில் சோடியம் 0.30 சதவீதத்தை எட்டினால் அது மிகைச்சுவை உணவு. ஆற்றலில் 40 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்து, சோடியம் 0.20 சதவீதத்தை எட்டினாலும் அப்படியே. நம் பாக்கெட்டில் கொழுப்பின் பங்கு 56 சதவீதம், சோடியம் 0.60 சதவீதம், முதல் வரையறைக்குள் மிகத் தாராளமாக அடங்குகிறது. எண்ணெய் குறைத்துச் சுட்டெடுத்த வகையை ‘இலகுவானது’ என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருப்பது உண்மைதான். மாவுச்சத்தும் உப்பும் அந்த இடத்தை நிரப்பியிருப்பதால் அது இரண்டாவது வரையறைக்குள் போய் விழுகிறது. மொறுமொறுப்பும் அட்டையைக் கடிப்பதைப் போன்றது. உப்பு மட்டும் தூவிய சாதா வகையும் முதல் வரையறைக்குத் தப்பவில்லை. ஆனால் மஞ்சள் தூள் இல்லாததால் உருளைக்கிழங்கின் சுவை தெரிகிறது, அதனாலேயே கொஞ்சம் முன்னதாகத் திகட்டுகிறது. தடிமனாக நறுக்கி, மெல்லுவதற்கு ஏதேனும் இருக்கும்படி பொரித்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆகவே என் மதிப்பீடு இது. தயாரிப்புத் திறனுக்கு ஐந்தில் ஐந்து. முதல் சில துண்டுகளின் சுவைக்கு நான்கரை. வயிற்றை நிறைக்கும் உணவு என்ற வகையில் ஒன்று. சீஸ்-வெங்காயச் சுவைதான் வேண்டும் என்பவர்கள் 30 கிராம் சிறு பாக்கெட்டை வாங்கலாம், அளவுக்குக் கூடுதலாகப் பணம் போனாலும். விருந்தினர்களுக்காகப் பெரிய பாக்கெட் வாங்குவதானால், கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டுப் பாக்கெட்டைக் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துச் சென்றுவிடலாம். பசியோடு இருக்கும்போது பிரிக்கவே வேண்டாம். தனியாக உட்கார்ந்து படம் பார்க்கும் இரவுக்கென்றால் 150 கிராம் பாக்கெட்டை நான் பரிந்துரைக்கவில்லை. சாதா உப்பு, தடித்த துண்டு, சிறிய பாக்கெட் என்பதே என் தேர்வு.